கைக்கணக்கும் நாக்கும்: மாருதி 800, ஆல்ட்டோ கே10 எப்படி இயங்குகின்றன?

ஒரு லிட்டர் பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிய ஏறத்தாழ 11 கிலோ காற்று வேண்டும். காற்றை யாரும் கிலோவில் நினைப்பதில்லை. கொள்ளளவில் சொன்னால் ஒன்பதாயிரம் லிட்டருக்கும் மேல். எடைக்கு எடை பார்த்தால் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று. 1983இல் வந்த மாருதி 800க்கும் இதுதான் கணக்கு, 2022இல் வந்த புதிய ஆல்ட்டோ கே10க்கும் இதுதான். இரண்டும் ஒரே கம்பெனியின் சின்ன வண்டிகள். இரண்டிலும் மூன்று சிலிண்டர், இரண்டிலும் முன்சக்கரம்தான் இழுக்கிறது. இந்தக் கணக்கை எந்த வண்டி எப்படிப் போடுகிறது என்பதில்தான் நாற்பது வருஷ வித்தியாசமும் இருக்கிறது.

சேரன்மகாதேவியிலிருந்து களக்காடு வந்து, ஏர்வாடி, வள்ளியூர் என்று போகிற சாலையில் கொஞ்ச நேரம் நின்றால் இரண்டையும் பார்த்துவிடலாம். வாழைத்தார் ஏற்றிய லாரிக்குப் பின்னால் பொறுமையாக ஒரு வெள்ளை 800 வரும். அதையும் லாரியையும் சேர்த்து முந்திக்கொண்டு ஒரு கே10 போகும். 800இன் உற்பத்தி 2014 ஜனவரியோடு நின்றுபோனது. ஆனாலும் தோட்டத்துக்குப் போகவும், உர மூட்டை ஏற்றவும், சந்துக்குள் திருப்பவும் அதுவே போதும் என்று வைத்திருப்பவர்கள் மலையடிவார ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். ஏன் மாற்றவில்லை என்று கேட்டால், "அந்த வண்டிக்குள்ள என்ன நடக்குன்னு நமக்குத் தெரியும்லா" என்பார்கள். அந்தப் பேச்சில் நிறைய உண்மை இருக்கிறது. எவ்வளவு உண்மை என்பதைச் சமையல்கட்டில் வைத்துப் பார்க்கலாம்.

நம் பக்கத்தில் மறுவீட்டுச் சாப்பாட்டுக்குச் சொதி வைக்கும்போது தேங்காயை மூன்று தடவை பிழிவார்கள். முதல் பால் கெட்டி, இரண்டாம் பால் நடுத்தரம், மூன்றாம் பால் தண்ணி. காய் வேகிறது தண்ணிப் பாலில். கெட்டிப் பால் கடைசியில், தீயைத் தணித்த பிறகு. பக்குவம் தெரிந்த ஒரு ஆச்சி இதற்கு அளவுக் கிண்ணம் வைத்துக்கொள்ள மாட்டார். இத்தனை பேருக்கு இத்தனை காய், அதற்கு இவ்வளவு பால் என்று கை தானாக ஊற்றும். இன்னொரு ஆச்சி ஒவ்வொரு கரண்டிக்கும் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு ருசி பார்ப்பார். கெட்டியாக இருந்தால் அடுத்த கரண்டியைக் குறைப்பார், நீர்த்திருந்தால் கூட்டுவார். என்ஜினில் பெட்ரோலைத் தேங்காயின் சாறு என்றும், காற்றை அதில் சேரும் தண்ணீர் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். கெட்டியான கலவையை மெக்கானிக்குகள் ரிச் என்பார்கள், நீர்த்ததை லீன் என்பார்கள். 800 கைக்கணக்கு ஆச்சி. கே10 ருசி பார்க்கும் ஆச்சி.

கைக்கணக்கு ஆச்சியின் கை எது? கார்புரேட்டர். மாருதிக்கு அதைச் செய்துகொடுத்த யூகால் நிறுவனம் நம் மறைமலைநகரில்தான் இருக்கிறது, ஜப்பானின் மிக்குனி கொடுத்த தொழில்நுட்பத்தில். கழற்றி எடுத்தால் இரண்டு கைக்குள் அடங்குகிற ஒரு வார்ப்புச் சாமான். அதன் நடுவே ஒரு குழாய், குழாயின் நடுவே இடுங்கிய ஒரு கழுத்து. பிஸ்டன் கீழே இறங்கும்போது இழுக்கிற காற்று அந்தக் கழுத்தில் நெருக்கிக்கொண்டு வேகமாகப் போகும். வேகம் கூடுகிற இடத்தில் அழுத்தம் குறையும். அந்தக் குறைந்த அழுத்தம் பக்கத்திலிருக்கும் சிறு தொட்டியிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி இழுக்கும். வழியில் ஒரு பித்தளைத் துண்டும் அதில் ஊசி நுழைகிற அளவு துளையும் இருக்கும். அதுதான் ஜெட். ஆச்சியின் கரண்டி அதுதான். துளையின் அளவை ஃபாக்டரியிலேயே தீர்மானித்துவிடுகிறார்கள்.

காற்று கூடுதலாக ஓடினால் உறிஞ்சலும் கூடும், பெட்ரோலும் கூடும். காற்று குறைந்தால் பெட்ரோலும் குறையும். இதில் கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. தனக்கு வேண்டிய பெட்ரோலைக் காற்றே எடுத்துக்கொள்கிறது. தொட்டியில் பெட்ரோல் மட்டம் மாறக் கூடாதே, அதற்கு ஒரு மிதவை இருக்கிறது. பெட்ரோல் நிறைந்ததும் மிதவை மேலே வந்து ஒரு ஊசியைத் தள்ளி வழியை அடைத்துவிடும். ஊசி தேய்ந்தால் அடைப்பு நிற்காது, பெட்ரோல் வழிந்து வண்டியைச் சுற்றி வாடை அடிக்கும். ஓவர்ஃப்ளோ என்று சொல்வது இதைத்தான். இவ்வளவு எளிய ஒரு ஏற்பாடு 796 சிசி என்ஜினைப் பல லட்சம் வீடுகளில் ஓட்டிக் காட்டியது என்பதில் எனக்குத் தீராத மரியாதை உண்டு.

மார்கழிக் காலையில் என்ஜின் குளிர்ந்து கிடக்கும்போது பெட்ரோல் சரியாக ஆவியாகாது. உள்ளே போகிறதில் பாதி திரவமாகவே குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். எரிவதற்கு ஆவிதான் வேண்டும் என்பதால் வழக்கத்தைவிடக் கெட்டியாகக் கொடுத்தாக வேண்டும். அதற்குத்தான் டாஷ்போர்டில் சோக் குமிழ். அதை இழுத்தால் கார்புரேட்டரின் வாயில் ஒரு தகடு மூடிக்கொண்டு காற்றைத் தடுக்கும், பெட்ரோலின் பங்கு ஏறும். முதல் பாலை முதலிலேயே ஊற்றுகிற மாதிரி. சூடேறினதும் குமிழை உள்ளே தள்ளுவது ஓட்டுகிறவர் பொறுப்பு. மறந்துபோனால் கெட்டிக் கலவையே தொடர்ந்து போய் பிளக்கில் கரி அப்பும், மைலேஜ் சரியும். திடீரென்று ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் காற்று சட்டென்று ஓடிவிடும், கனமான பெட்ரோல் பின்தங்கும், வண்டி ஒரு நொடி திணறும். அந்த நொடியைச் சமாளிக்க ஒரு குட்டிப் பம்பு கூடுதலாக ஒரு பீச்சு பெட்ரோல் அடிக்கும். இப்படி ஒவ்வொரு சங்கடத்துக்கும் ஒவ்வொரு உபாயம். கார்புரேட்டர் என்பதே உபாயங்களின் மூட்டைதான்.

ட்யூனிங் செய்கிறதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். என்ஜின் ஐடிலில் ஓடிக்கொண்டிருக்கும். மெக்கானிக் ஒரு சின்ன ஸ்குரூடிரைவரைக் கலவைத் திருகில் வைத்து மெல்ல உள்ளே திருப்புவார். சத்தம் உலரும், என்ஜின் தடுமாறும். அது லீன். வெளியே திருப்புவார். சத்தம் கனத்து, புகைக்குழாயில் பெட்ரோல் வாடை வரும். அது ரிச். இரண்டுக்கும் நடுவே ஓட்டம் சீராகிற ஒரு இடம் இருக்கிறது. அதைக் காதுதான் கண்டுபிடிக்கும். சந்தேகம் வந்தால் பிளக்கைக் கழற்றி நீட்டுவார்: "பாருங்க அண்ணாச்சி, கரியாக் கெடக்கு. ரிச்சா ஓடுது." பிளக் நுனி காய்ந்த மண் நிறத்தில் இருந்தால் சரி, வெள்ளையாக வெளுத்திருந்தால் லீன். ஆச்சி வண்டிக்குள் ருசி பார்ப்பதில்லை. அவருக்காக ருசி பார்த்தது பட்டறையில் இருந்த மெக்கானிக். அதுவும் சர்வீஸுக்குச் சர்வீஸ்.

ஒரு சர்வீஸுக்கும் அடுத்த சர்வீஸுக்கும் நடுவே உலகம் மாறாமலா இருக்கிறது? சமவெளியில் ட்யூன் செய்த 800ஐ மணிமுத்தாறு வழியாக மாஞ்சோலைக்கு ஏற்றினால் ஆயிரம் மீட்டருக்கு மேல் போய்விடும். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். ஜெட்டின் துளைக்கு அது தெரியாது. காற்று எடையில் குறைந்த அளவுக்குப் பெட்ரோல் குறையாது. கலவை கெட்டியாகும், இழுவை மந்தமாகும். கீழே இறங்கினால் தானாகச் சரியாகிவிடும்.

சரியாகாத குறை ஒன்று உண்டு. ஒரே கார்புரேட்டரிலிருந்து கிளைக்குழாய்கள் வழியாக மூன்று சிலிண்டருக்கும் கலவை போகிறது. வளைவுகளில் பெட்ரோல் சுவரில் படிந்து, ஒரு சிலிண்டருக்குக் கொஞ்சம் கெட்டி, இன்னொன்றுக்குக் கொஞ்சம் நீர்ப்பு என்றுதான் சேரும். மூன்று அடுப்பில் மூன்று பாத்திரம், ஊற்றுகிற குண்டான் ஒன்று. மூன்றும் ஒரே பக்குவத்தில் அமைவது கடினம்.

இப்போது கே10. இதில் பெட்ரோலைக் காற்று இழுப்பதில்லை. டாங்கிக்குள்ளேயே மின்பம்பு இருக்கிறது. அது அழுத்தத்தோடு பெட்ரோலை முன்னால் அனுப்பும். ஒவ்வொரு சிலிண்டரின் வாசலிலும் இன்ஜெக்டர் என்கிற மின்வால்வு காத்திருக்கும். கம்ப்யூட்டர் மின்சாரம் கொடுக்கிற சில மில்லிவினாடிகள் மட்டும் அது திறந்து, பனிப்புகை மாதிரிப் பெட்ரோலைத் தூவிவிட்டு மூடிக்கொள்ளும். 998 சிசி கே10சி என்ஜினில் சிலிண்டருக்கு இரண்டு இன்ஜெக்டர், ஆக மொத்தம் ஆறு. டூயல்ஜெட் என்ற பெயர் அதனால்தான். ஒன்றுக்கு இரண்டாகத் தூவினால் துளிகள் இன்னும் சன்னமாகும், ஆவியாவது சுலபமாகும், சுவரில் ஒட்டுவது குறையும்.

எவ்வளவு தூவுகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். லிட்டருக்கு 20 கிலோமீட்டர் கொடுக்கிற வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் மணிக்கு மூன்று லிட்டர் எரிக்கிறது. என்ஜின் நிமிஷத்துக்கு 2,500 சுற்று சுற்றினால் மூன்று சிலிண்டருமாக ஒரு நொடிக்கு அறுபது தடவைக்கு மேல் எரியும். வகுத்தால் ஒரு எரிப்புக்குக் கிடைப்பது ஒரு மில்லிலிட்டரில் நூறில் ஒரு பங்கைவிடச் சற்றே கூட. கண்ணுக்குத் தெரிகிற ஒரு சொட்டில் நாலில் ஒன்று. அந்தக் கால் சொட்டைத்தான் கம்ப்யூட்டர் ஒவ்வொரு தடவையும் அளந்து கொடுக்கிறது.

அளவு சரியா என்று அதற்கு எப்படித் தெரியும்? புகைக்குழாயில் திருகிவைத்த ஆக்சிஜன் சென்சார்தான் அதன் நாக்கு. எரிந்து வெளியேறும் புகையில் ஆக்சிஜன் மிஞ்சியிருந்தால் கலவை நீர்த்துப் போயிருக்கிறது. மிஞ்சாமல் தீர்ந்துபோயிருந்தால் கெட்டி. உள்ளே இருக்கும் சிர்கோனியா என்ற பீங்கான் வகைப் பொருள், புகையிலுள்ள ஆக்சிஜனையும் வெளிக்காற்றின் ஆக்சிஜனையும் ஒப்பிட்டுச் சிறு மின்னழுத்தத்தை உண்டாக்கும். கெட்டியானால் சுமார் 0.9 வோல்ட், நீர்த்தால் 0.1 வோல்ட். கம்ப்யூட்டர் அதைப் படித்து அடுத்தடுத்த தூவலைக் கூட்டும், குறைக்கும். ஒரு நிமிஷத்துக்குள் பல தடவை கலவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடி, சராசரியில் 14.7இல் நிற்கும். மாஞ்சோலை ஏறினாலும் நாக்கு கூடவே ஏறுகிறது.

அந்த நாக்கும் 300 டிகிரி செல்சியஸ் சூடானால்தான் ருசி அறியும். சீக்கிரம் சூடேற அதற்குள்ளேயே ஒரு ஹீட்டர் இருக்கிறது. சூடாகும்வரை கம்ப்யூட்டர் நினைவில் உள்ள அட்டவணையைப் பார்த்துக் கைக்கணக்காகத்தான் ஊற்றுகிறது. காற்றின் அழுத்தம் இவ்வளவு, என்ஜின் தண்ணீரின் சூடு இவ்வளவு, மிதித்த அளவு இவ்வளவு, ஆகவே இத்தனை மில்லிவினாடி. சோக் குமிழ் இல்லாமல் போனது இதனால்தான். கெட்டிப் பால் எப்போது, எத்தனை நேரம் என்பதை அட்டவணை பார்த்துக்கொள்கிறது.

இத்தனை பாடு வெறும் மைலேஜுக்காக இல்லை. புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கார்பன் மோனாக்சைடையும், எரியாத பெட்ரோலையும், நைட்ரஜன் ஆக்சைடையும் ஒரே நேரத்தில் சுத்தம் செய்ய வேண்டும் என்றால் கலவை 14.7ஐ ஒட்டிய மிகக் குறுகிய எல்லைக்குள் நிற்க வேண்டும். சாதாரணக் கார்புரேட்டரால் அங்கே நிற்க முடியாது. 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் விற்கும் புதிய கார்களுக்கு கன்வெர்ட்டர் கட்டாயமானது. ஈயம் அதைக் கெடுத்துவிடும் என்பதால் ஈயமில்லாப் பெட்ரோலும் கூடவே வந்தது. 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க ஈயம் ஒழிந்தது. அந்தக் காலத்தை ஒட்டித்தான் 800க்கே இன்ஜெக்டர் வந்தது, எம்பிஎஃப்ஐ என்ற பெயரில். ஆகவே ஊரில் நிற்கிற எல்லா 800உம் கைக்கணக்கு ஆச்சி இல்லை, பிற்காலத்து வண்டிகள் ருசி பார்க்கப் பழகியவை. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்து வரம்பை இன்னும் இறுக்கியது. ஒரு ஊரில் குழந்தைகள் சுவாசிக்கிற காற்றைப் பற்றிய விஷயம் இது. இதில் பழைய வண்டிக்காக வாதாட எனக்கு மனமில்லை.

கே10 இன்னும் இரண்டு வேலை செய்கிறது. வால்வுகளைப் பாத்திரத்தின் மூடி என்று வைத்துக்கொண்டால், 800இல் மூடி திறக்கிற நேரமும் மூடுகிற நேரமும் எந்த வேகத்திலும் ஒன்றுதான். கே10சி என்ஜின் உள்ளே இழுக்கும் மூடி, வெளியே விடும் மூடி இரண்டின் நேரத்தையும் வேகத்துக்குத் தக்கபடி மாற்றிக்கொள்கிறது. அடுத்தது தீ. தணியாத தீயில் கெட்டிப் பால் விட்டால் சொதி திரிந்துவிடும். என்ஜினில் அதற்கு ஈடானது நாக்கிங், நேரத்துக்கு முன்னால் தானாகப் பற்றிக்கொண்டு 'கிணுகிணு'வென்று தட்டும் சத்தம். 800இல் அது காதில் விழுந்தால் தீப்பொறியின் நேரத்தை அமைக்கிற டிஸ்ட்ரிபியூட்டரைக் கையால் கொஞ்சம் திருப்பி வைப்பார்கள். புதிய என்ஜினில் அந்த அதிர்வைக் கேட்கிற சென்சார் ஒன்று, தட்டல் தொடங்கும்போதே தீப்பொறியைப் பின்தள்ளித் தணிக்கும். இப்படி ஓரத்திலேயே நின்று சமைக்க முடிவதால்தான் 200 சிசி மட்டுமே அதிகமுள்ள என்ஜின், 37 குதிரைத்திறன் இருந்த இடத்தில் 66 தருகிறது. கம்பெனி சொல்லும் மைலேஜ் 24.39 கிலோமீட்டர். அது சோதனைக்கூட அளவு. ஏசி போட்டுக்கொண்டு நாங்குநேரி சாலையில் ஓட்டினால் அவ்வளவு வராது.

பாதுகாப்பில் ஒப்பிட அதிகம் இல்லை. நம் ஊர் 800இல் ஏர்பேக்கே கிடையாது. கே10இல் 2025 முதல் ஆறு ஏர்பேக் எல்லா மாடலிலும் உண்டு. மழையில் பிரேக்கை அமுக்கினால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் விட்டுவிட்டுப் பிடிக்கிற ஏபிஎஸ் உண்டு. இரண்டு ஏர்பேக் இருந்த கே10க்கு 2023இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு இரண்டு நட்சத்திரம்தான் கிடைத்தது, குழந்தைகளுக்கு ஒன்றுமில்லை. வண்டியின் கூண்டு மட்டும் உறுதியாக நின்றது. பெருமைப்படும் மதிப்பெண் இல்லை. ஆனாலும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நான்குவழிச் சாலைக்குப் போக வேண்டும் என்றால் 800ஐ நான் எடுக்க மாட்டேன்.

ரிப்பேர் வேறு கதை. 800 மிஸ்ஸிங் அடித்தால் பிளக், பாயிண்ட், ஜெட் என்று மூன்று இடம் பார்த்தால் பெரும்பாலும் அகப்பட்டுவிடும். அடைத்த ஜெட்டை ஊதியே சரி செய்துவிடலாம். கே10இன் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தால் ஸ்கேனரைச் சொருகிக் கோடு படிக்க வேண்டும். கோடு 'ஆக்சிஜன் சென்சார்' என்று சொன்னதும் சென்சாரை மாற்றிவிடுகிற அவசரம் பல இடங்களில் இருக்கிறது. நாக்கு கசக்கிறது என்றால் கோளாறு குழம்பிலா நாக்கிலா என்று பார்க்க வேண்டாமா? புகைக்குழாய் மூட்டில் ஓட்டை இருந்து வெளிக்காற்று நுழைந்தாலும் சென்சார் 'லீன்' என்றுதான் சொல்லும். பழைய காதுள்ள மெக்கானிக் ஸ்கேனரும் கற்றுக்கொண்டால் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் திருநெல்வேலியில் மூழ்கிய வண்டிகள் இன்னொன்றையும் காட்டின. கனெக்டர்களிலும் கம்ப்யூட்டரிலும் சேற்றுநீர் புகுந்துவிட்டால் துடைத்துக் காயவைத்து ஓட்டுகிற சங்கதி இல்லை அது.

இப்போது கார்புரேட்டர் 800 வைத்திருப்பவர்களுக்கு ஒரு அவசர விஷயம். பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 2025இலிருந்து நாடு முழுக்க 20 சதவீதம் எத்தனால். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் அதற்குக் காற்று குறைவாகப் போதும். இந்தக் கலவைக்கு வேண்டிய விகிதம் 14.7 இல்லை, 13.5ஐ ஒட்டி வரும். ருசி பார்க்கும் வண்டி இரண்டு கரண்டியில் கண்டுபிடித்துக் கூடுதலாகத் தூவிவிடும். கைக்கணக்கு ஆச்சிக்குத் தேங்காய் மாறினது தெரியாது. அதே துளையில் அதே அளவு ஊற்றுவார், என்ஜின் லீனாக, சூடாக ஓடும். ஏற்றத்தில் இழுவை குறைந்தாலோ பிளக் வெளுத்திருந்தாலோ கலவைத் திருகை மட்டும் தொட்டுவிட்டு விடாதீர்கள். அது ஐடிலுக்கு மட்டுமே பொறுப்பு. ஓட்டத்தில் அளக்கிற மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரியதாக மாற்றலாமா என்று கார்புரேட்டர் தெரிந்தவரிடம் கேளுங்கள். அதற்கும் முன்னால் பெட்ரோல் ஹோஸ்களையும், பம்பின் டயாஃப்ரத்தையும், மிதவைத் தொட்டியின் கேஸ்கெட்டையும் பாருங்கள். பழைய ரப்பர் எத்தனாலில் ஊறி உப்பும், வெடிக்கும். சூடான என்ஜின்மேல் பெட்ரோல் சொட்டினால் வண்டியே போய்விடும். எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்கி, கிளிப்போடு சேர்த்து மாற்றுங்கள். பெரிய செலவு இல்லை, ஒரு காலைநேர வேலைதான்.